கரையில் ஒரு பகல்

கொழும்பு என்னும் பெயரைத் தாங்கியவை மூன்று நம் நாட்டில் உள. ஒன்று மேல் மாகாணத்துப் பெருநகர். மற்றொன்று கறுத்தக் கொழும்பான் என்னும் மாங்கனி. மூன்றாவது, யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடனீரேரியின் விளிம்பிற் கிடக்கும் எமது கொழும்புத்துறை. முதலாவதை உலகறியும். இரண்டாவதை உண்டவர் அறிவர். மூன்றாவதை அறிந்தோர் சிலரே. அயலார் சிலர் இப்பெயரைக் கேட்டவுடன் கொழும்புத் துறைமுகத்தை நினைந்து, அங்கே நாளொன்றுக்கு எத்தனை பெருங்கப்பல் வரும் என்று வினவுவதும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒன்றே: "எங்கள் ஊரில் துறை உண்டு, துறைமுகம் இல்லை."

ஆயினும் எமது துறை பழமையிற் குறைந்ததன்று. நல்லூர் இராசதானியாக விளங்கிய காலத்தில் அதன் கடல்வழி வாயில்களுள் ஒன்றாகக் கொழும்புத்துறை இருந்தது என்பர் வரலாற்றாசிரியர். பூநகரிக்குச் செல்வோர் இங்கே வள்ளமேறினர். பூநகரி நெல் இங்கே வந்திறங்கிற்று. தரைவழிகள் பெருகப் பெருக அப்போக்குவரத்து அருகியது. 2011ஆம் ஆண்டில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி பஸ்ஸில் ஏறிச் செல்லும் ஊராயிற்று. இப்பொழுது எமது துறையில் நிற்பன மீன்பிடி வள்ளங்களே. கடனீரேரி ஆழமற்றது; பெருங்கப்பல் இங்கே வருதல் இயலாது. இத்தகைய ஊரில் வாழும் தமிழாசிரியன் ஒருவன், உல்லாசக் கப்பலில் வருவோர் கரையில் ஒரு பகற்பொழுதை எவ்வாறு வகுத்துக்கொள்ளுதல் வேண்டும் என்று எழுதப் புகுந்தால் அன்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்குமுன் சிறிது செவிசாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நம் குடாநாட்டின் வடகரையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை என்னும் துறைமுகங்களோடு காங்கேசன்துறையையும் தன் பயணத்திற் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' என்னும் பயணிகள் கப்பலும், 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' என்னும் கப்பலும் அதே துறைமுகத்துக்கு வந்தன. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஏறக்குறைய 60 கடல்மைல். நான்கு மணித்தியாலத்துக்கு உட்பட்ட பயணம். எனினும் பயணிகள் கப்பலில் வருவோன் நிலை வேறு. உல்லாசக் கப்பலில் வருவோன் நிலை வேறு. முன்னவன் பெட்டியோடு வந்து ஊரிலே தங்குகின்றான். பின்னவனுக்கு ஊணும் உறையுளும் கப்பலிலேயே உள. அவன் காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடவேண்டியவன். ஓர் ஊர் முழுவதையும் ஒரு பகலுக்குள் அடக்கவேண்டிய சங்கடம் அவனுடையது.

இச்சங்கடம் இலங்கைக்குப் புதிதன்று. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தபின்னரும், 1885இல் கொழும்பின் முதல் அலைதடுப்பணை நிறைவெய்திய பின்னரும், ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்பை நாடின. கப்பல் நிலக்கரி ஏற்றும் பொழுதில் பயணிகள் கரையிறங்கினர். றிக்‌ஷாவில் ஏறிக் கறுவாத்தோட்டத்தையும் கல்கிசையையும் பார்த்து மீண்டனர். அவ்வாறு இறங்கியவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெயின். 1896ஆம் ஆண்டு சனவரியில் அவுஸ்திரேலியாவிலிருந்து 'ஓஷியானா' என்னும் கப்பலில் வந்து, பம்பாய் செல்லும் வழியிற் கொழும்பில் மிகச் சிறிது பொழுதே தங்கினார். அடுத்த ஆண்டு வெளியான தமது பயண நூலில் அவர் பெரிதும் வியந்து எழுதியது எந்தக் கட்டடத்தையுமன்று. தெருவில் நடந்த மக்களின் உடைகளில் இருந்த வண்ணங்களையே வியந்தார். அவ்வண்ணங்களுக்கிடையே மிஷன் பாடசாலைச் சிறுமியர் ஐரோப்பிய உடையில் வரிசையாகச் செல்லக் கண்டு மனம் நொந்தார்.

இதனை நான் மாணவர்க்கு எடுத்துச் சொல்வதுண்டு. 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் பாடசாலை தொடங்கியதும், பின்னர் இந்துக் கல்லூரிகள் எழுந்ததும், எந்தக் கவலையினால் என்பதை நாம் நூல் பல கொண்டு விளக்குகின்றோம். வழிப்போக்கராக வந்த பிறநாட்டார் ஒருவர் அக்கவலையின் ஒரு முனையை ஒரு தெருவோரத்திற் கண்டுகொண்டார். ஆகவே ஒரு பகலிற் காணத்தக்கது சிறிது என்று எண்ணுதல் தவறு. ஓட்டமாக ஓடுவோன் எத்தனை நாள் இருந்தாலும் காணமாட்டான். நின்று பார்ப்போனுக்கு ஒரு பகல் போதும்.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்கின்றேன். அந்த 2023ஆம் ஆண்டிலே, என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து எழுதினார். ஓர் உறவினர் திருமணத்தின் பொருட்டுச் சென்னைக்கு வருவதாகவும், அங்கிருந்து மனைவி, மக்கள் இருவர், தாயார் ஆகியோருடன் உல்லாசக் கப்பலிற் காங்கேசன்துறைக்கு வருவதாகவும், கரையில் ஏழு மணித்தியாலம்வரை கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார். "சேர், பிள்ளையளுக்கு எல்லாத்தையும் காட்டவேணும். நீங்கள்தான் ஒரு ஒழுங்கு போட்டுத் தரவேணும்" என்பது அவர் வேண்டுகோள். கடிதத்தின் கீழே பதினோர் இடங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. கீரிமலை, மாவிட்டபுரம், நல்லூர், நூலகம், கோட்டை, மந்திரிமனை, நிலாவரை, கந்தரோடை, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, நயினாதீவு, பருத்தித்துறை என்பன அவை. கொழும்புத்துறை அதில் இல்லை. அவரோ கொழும்புத்துறையிற் பிறந்து வளர்ந்தவர்.

இரண்டு நாள் கழித்து அவருடைய தாயார் தொலைபேசியிற் பேசினார். எழுபதைக் கடந்தவர். மகன் பக்கத்தில் இல்லாத வேளை பார்த்துப் பேசுகின்றார் என்பது குரலில் தெரிந்தது. "மாஸ்ரர், எனக்குக் கோயில் குளம் எல்லாம் காட்டவேண்டாம். எங்கடை துறையடியிலை ஒருக்கா இருந்திட்டு வரவேணும். பெடியனுக்கு நான் சொல்லேல்லை. அவன் பிள்ளையளுக்கெண்டு ஆசைப்படுறான்" என்றார். இந்த அம்மையார் ஊரைவிட்டுச் சென்ற வகையை நான் அறிவேன். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் குடாநாட்டைவிட்டுச் செல்ல விரும்பியோர் அனுமதிக்கும் கப்பலிடத்துக்கும் பல நாட் காத்திருந்து, காங்கேசன்துறையிற் கப்பலேறித் திருகோணமலைக்குச் சென்றனர். அவரும் 2007இல் அவ்வாறே மகனோடு சென்றவர். இப்பொழுது வரும் உல்லாசக் கப்பல் திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்கு வருவது. போன கடல்வழியாலேயே மீண்டு வருகின்றார். அன்று கையில் ஒரு பை. இன்று கப்பலிலே நீச்சற்குளம். கடல் மாத்திரம் அதே கடல்.

திட்டம் வகுக்குமுன் என் வகுப்பு மாணவரிடம் ஒரு கட்டுரை எழுதுவித்தேன். 'கப்பலில் ஒரு பகலுக்கு வரும் விருந்தினர்க்கு எம்மூரில் எதைக் காட்டுவேன்?' என்பது தலைப்பு. இருபத்தெட்டுப் பேர் எழுதினர். ஏறக்குறைய அனைவரும் கோட்டையிற் தொடங்கி நூலகத்தில் முடித்தனர். போர்த்துக்கீசர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது, ஐங்கோண வடிவினது என்ற செய்திகள் யாவும் பிழையின்றி இருந்தன. ஆனால் அவற்றைச் சென்னையில் இருந்துகொண்டும் எழுதலாம். துறையடி ஒழுங்கையைச் சேர்ந்த ஒரு மாணவன் மாத்திரம் வேறுவிதமாக எழுதினான். பகலில் வருவோருக்கு மீன் காட்ட இயலாது. வள்ளங்கள் விடியற்காலையிலேயே வந்துவிடும். மத்தியானம் வந்தால் மரநிழலில் வலை பொத்துவோரைக் காட்டலாம். அப்பொழுது அவர்களுக்குப் பேச நேரம் உண்டு என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை ஏழு. ஆயினும் அந்த இருபத்தெட்டினுள் நேரத்தையும் மனிதரையும் சேர்த்து நினைத்த கட்டுரை அது ஒன்றே. என் திட்டத்துக்கு அதுவே வித்தாயிற்று.

இனித் திட்டத்துக்கு வருவோம். ஒரு பகற் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து வகுத்தலாகாது. முடிவிலிருந்து வகுத்தல் வேண்டும். கப்பலுக்கு மீளவேண்டிய நேரம் எது என்பதை முதலில் எழுதி, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே துறைமுக வாயிலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுதல் நன்று. கப்பலாரே ஒழுங்கு செய்த சுற்றுலாவிற் சென்றவர் பிந்தினால் கப்பல் காத்திருப்பது வழக்கம். தாமாகச் சென்றவர்க்கு அந்தச் சலுகை இல்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மணிக்கூடு ஒன்றேயாகையால் அவ்வகையிற் குழப்பம் நேராது. காசு விடயத்தில் மாத்திரம் கவனம் வேண்டும். இந்திய ரூபாவும் இலங்கை ரூபாவும் பெயரில் ஒன்று, பெறுமதியில் வேறு.

அடுத்தது தூரம். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகர் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். நகரிலிருந்து நயினாதீவுக்குப் படகேறும் குறிகாட்டுவானோ மேலும் 30 கிலோமீற்றருக்கு அப்பால். படகுக்குக் காத்திருக்கும் நேரம் நம் கையில் இல்லை. கடல் நடுவில் உள்ள எதனையும் ஒரு பகற் பயணத்திற் சேர்த்தலாகாது என்று சொல்லி நயினாதீவை நீக்கினேன். காரைநகர், பருத்தித்துறை, நிலாவரை, கந்தரோடை ஆகியன திசைக்கொன்றாகக் கிடப்பன, அவற்றையும் நீக்கினேன். எஞ்சியவற்றை வரிசைப்படுத்தும் முறை இது: தொலைவில் உள்ளதை முதலிலும், துறைமுகத்துக்கு அண்மையில் உள்ளதை இறுதியிலும் பார்த்தல் வேண்டும். கீரிமலையும் மாவிட்டபுரமும் துறைமுகத்துக்கு மிக அருகில் உள்ளன. பொழுது எஞ்சினாற் பார்க்கலாம், எஞ்சாவிடின் விட்டுவிடலாம். நல்லூர்க் கந்தன் திருக்கோயில் நண்பகற் பூசையின்பின் நடைசாத்தப்படுமாதலால் முற்பகலிலேயே அங்கே செல்லவேண்டும். உச்சி வெயிலில் முதியவர்களையும் சிறுவர்களையும் கோட்டை மதிலின் மேல் ஏற்றுதல் தகாது. அந்நேரம் நிழலில் இருப்பதற்கு உரியது. ஆகவே முற்பகல் நல்லூர், பின் நூலகம், கோட்டை, நண்பகல் கொழும்புத்துறை, பிற்பகல் கீரிமலை என்று வகுத்தேன்.

மூன்றாவது ஊண். கப்பலிற் செல்வோர் உணவுக்கு முன்னமே பணம் கட்டிவிட்டமையால் கரையில் உண்ணாமலே மீளுதல் உலகெங்கும் உள்ள வழக்கம். துறைமுகத்து மக்களுக்கு அதனால் வரும் பயன் சிறிது. ஆயிரம்பேர் இறங்கினர் என்று பத்திரிகை எழுதும். ஊரில் ஒரு பானை அரிசி கூடுதலாக வெந்திராது. ஆகவே துறையடியிலே சமைத்து விற்று வாழும் ஒரு பெண்மணியிடம் ஐவருக்கு மத்தியானச் சோறு சொல்லிவைத்தேன். குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, பயத்தங்காய், அப்பளம், மோர். முடிவிற் கறுத்தக் கொழும்பான். வண்டியும் எங்கள் ஒழுங்கையாருடையதே. பனங்கட்டியும் புழுக்கொடியலும் பனையோலைப் பெட்டியும் கடையில் வாங்காது, செய்வோர் வீட்டிலே வாங்குவதாக ஏற்பாடு.

திட்டத்தை ஒரு தாளில் எழுதி அதன் படத்தை அனுப்பினேன். அதில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நேரே ஒன்றும் எழுதவில்லை. ஒரு கோடு மாத்திரம் இட்டிருந்தேன். உடனே அவர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், ஒண்டிலையிருந்து இரண்டு மட்டும் ஒண்டும் எழுதேல்லை. விடுபட்டுப்போச்சோ?" என்றார். "விடுபடவில்லை, தம்பி. அந்த மணித்தியாலத்துக்கு ஒன்றும் இல்லை. துறையடியிற் சும்மா இருக்கிறதுதான்" என்றேன். அவருக்கு அது திருப்தி தரவில்லை என்பது மௌனத்தில் விளங்கிற்று. தாயாரின் வேண்டுகோளை வெளியிட எனக்கு உரிமை இல்லை. ஆதலால் மேலும் விளக்கவில்லை.

குறித்த நாள் வந்தது. சோளகம் வீசும் காலம். கடல் இரவு முழுதும் ஓய்வின்றி அடித்தமையால் தாயாருக்குத் தலைச்சுற்று உண்டாகி, அவர் ஆறித் தெளிந்து இறங்க நேரம் சென்றது. ஒன்பது மணிக்கு எதிர்பார்த்தவர்கள் துறைமுக வாயிலுக்கு வரும்பொழுது மணி பத்தேகால். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கையைவிட்டுப் போயிற்று. வண்டியில் ஏறியவுடன் மகன் தாளை விரித்தார். விரல் நேரே அந்த வெறுங்கோட்டுக்குச் சென்றது. "சேர், கொழும்புத்துறையிலை பாக்கிறதுக்கு என்ன இருக்கு? அந்த நேரத்தைக் கோட்டைக்குக் குடுப்பம். சாப்பாட்டை வழியிலை பாத்துக்கொள்ளலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பிள்ளைகள் கோட்டையைப் படத்திற் பார்த்து ஆசையோடு வந்தவர்கள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் திட்டத்திலும் நேரம் குறையும்பொழுது முதலில் வெட்டுண்பது வெறுமையாக விட்ட இடமே. பாடசாலை நேரசூசியிலும் அதுவே நடக்கின்றது, குடும்பத்திலும் அதுவே. "தம்பி, கோட்டையை வீதியிலிருந்தும் பார்க்கலாம். கொழும்புத்துறையை அப்படிப் பார்க்கமுடியாது" என்றேன். ஆசிரியன் என்ற மதிப்பினால் அவர் மறுக்கவில்லை.

வண்டி காங்கேசன்துறை வீதியிற் சென்றது. மாவிட்டபுரத்தை அணுகும்பொழுது மாருதப்புரவீகவல்லியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். குதிரைமுகம் வாய்த்த சோழ அரசகுமாரி கடல்கடந்து வந்து, கீரிமலை நீரில் ஆடி, அழகிய முகம் பெற்றாள் என்பது தலக்கதை. கப்பலேறி இக்கரைக்கு வந்தவர்களுள் நம் கதைகள் அறிந்த மிகப் பழைய விருந்தினள் அவளே. "அவ எத்தனை மணிக்குக் கப்பலுக்குத் திரும்பிப் போனவ?" என்று மூத்த பெண்பிள்ளை கேட்டாள். திரும்பிப் போகவில்லை, இங்கேயே தங்கிவிட்டாள் என்றேன். பாட்டியார் அப்பொழுதுதான் முதன்முதலாகச் சிரித்தார். அதன்பின் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில் என்று பெயர்ப்பலகை வருமுன்னரே ஒவ்வோர் ஊரின் பெயரையும் தாமே சொல்லிக்கொண்டு வந்தார். எந்த ஒன்றும் தவறவில்லை.

திருவிழாக் காலம் அன்மையால் நல்லூரில் நெருக்கம் இல்லை. மேற்சட்டையைக் களைந்து உள்ளே செல்லவேண்டும் என்றதும் சிறுவன் வெட்கப்பட்டான். தந்தையைப் பார்த்துத் தானும் களைந்தான். அருச்சனைச் சீட்டு ஒரு ரூபா என்பதை அவர்கள் நம்பவில்லை. சீட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தனர். நூலக வாயிலிற் பத்து நிமிடம் நின்றோம். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த கதையைப் பெண்பிள்ளை முன்னமே படித்திருந்தாள். "எரிஞ்ச புத்தகம் எல்லாம் திரும்ப வாங்கிட்டினமோ?" என்றாள். சிலவற்றை வாங்க முடியாது, கையால் எழுதிய ஏடுகள் ஒன்றுக்கு மேல் இல்லை என்றேன். கோட்டையை அகழிக்கு வெளியே நின்று பார்த்தனர். பன்னிரண்டரைக்குக் கொழும்புத்துறை சேர்ந்தோம்.

மாவிட்டபுரத்தில் 1872இற் பிறந்து 1964இற் சமாதியடைந்த யோகர் சுவாமிகள், எமது ஊரில் ஒரு சிறு குடிலில் நெடுங்காலம் வாழ்ந்தார். காங்கேசன்துறைக்கு அயலிலே பிறந்து கொழும்புத்துறையிலே நிலைத்த அவருடைய வாழ்வின் இரு முனைகளையும் அன்று ஒரே முற்பகலில் தொட்டுவந்தோம் என்று ஆச்சிரமத்தைக் கடக்கும்பொழுது சொன்னேன். தம்மை நாடி வந்த எத்தனையோ பெரியோர்க்கும் சுவாமிகள் உபதேசித்தது சும்மா இருத்தலையே. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தாளிலுள்ள வெறுங்கோடு நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

உண்டபின் துறையடிக்குச் சென்றோம். கட்டுரை எழுதிய மாணவன் பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் சென்று வலை பொத்துவோர் பக்கத்தில் இருத்தினான். தமிழ் அரைகுறையாக அறிந்த அவர்களுக்கும் ஆங்கிலம் அரைகுறையாக அறிந்த அவனுக்கும் இடையே நூலும் ஊசியும் மொழியாயின. தாயார் மரநிழலிற் கிடந்த ஒரு கவிழ்த்த வள்ளத்தின்மேல் அமர்ந்து, பூநகரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சோளகம் முகத்தில் அடித்தது. சிறிது நேரத்தில், வலை பொத்திக்கொண்டிருந்த மிக முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்து, "ஆற்றை மோள் பிள்ளை நீ?" என்று கேட்டார். அம்மையார் தந்தையின் பெயரைச் சொன்னார். முதியவர் ஊசியை நிறுத்தினார். "பாயிலை சிவப்புச் சீலை ஒட்டுப்போட்ட வள்ளம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வள்ளம் பூநகரியிலிருந்து நெல் ஏற்றி வந்தது. சிறுமியாக இருந்தபொழுது அம்மையார் இக்கரையில் நின்று அந்தச் சிவப்பு ஒட்டைத் தேடுவாராம். ஒட்டுத் தெரிந்தால் தந்தை வருகின்றார்; வீட்டுக்கு ஓடிச் சொல்லலாம். தம் பாட்டனார் வள்ளமோட்டியவர் என்பதை மகன் அறிவார். சிவப்பு ஒட்டை அறியார். கோட்டையை மறந்து தாயாரின் பக்கத்திற் போய் இருந்தார். "அண்டைக்கு விடியப்புறம் கப்பலுக்கு வரச்சொல்லிப்போட்டினம், மாஸ்ரர். இந்தத் துறைக்குப் 'போட்டு வாறன்' எண்டு சொல்ல நேரங் கிடைக்கேல்லை. பதினாறு வருசமா அதுதான் மனத்துக்கை கிடந்தது" என்றார் அம்மையார். நம் நாட்டார் எவரும் பிரியும்பொழுது 'போறன்' என்று சொல்வதில்லை. சொல்லாமற் போவதும் இல்லை. சொல்லாமற் போகும்படி நேர்ந்த பல்லாயிரவருள் அவர் ஒருவர். இரண்டு மணிக்கு வண்டி வந்தது. அவர் எழுந்து, கரையில் இறங்கிக் கணுக்காலளவு நீரில் நின்று, கையால் நீரைத் தொட்டார். அந்த முதியவருக்கும் நீருக்கும் பொதுவாகப் "போட்டு வாறன்" என்றார்.

பிற்பகலிற் கீரிமலைக்கு முப்பது நிமிடமே கிடைத்தது. சிறுவனும் தந்தையும் கேணியில் இறங்கி மூழ்கி எழுந்தனர். கடலின் ஓரத்திலே நன்னீர் ஊறும் அதிசயத்தைச் சிறுவன் வாயால் உண்டு சோதித்தான். மாவிட்டபுரக் கோபுரத்தை வண்டியில் இருந்தே கும்பிட்டனர். திட்டப்படியே ஒரு மணித்தியாலம் முன்னதாகத் துறைமுக வாயிலிற் சேர்ந்தோம். பதினோர் இடங்களில் அவர்கள் இறங்கிப் பார்த்தவை இரண்டு. நின்று பார்த்தவை இரண்டு. பட்டியலில் இல்லாதது ஒன்று. விடைபெறும்பொழுது மகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கப்பலிலிருந்து இரவு ஒரு செய்தி அனுப்பினார். பிள்ளைகள் சிவப்பு ஒட்டுள்ள பாய்வள்ளம் ஒன்றை வரைந்திருக்கின்றனர் என்று எழுதியிருந்தார்.

பழைய மாணவ அன்பர்களே! விமானத்திலோ கப்பலிலோ நீங்கள் வருவீர்கள். விடுமுறை குறுகியது, பட்டியல் நீண்டது. மீளும் நேரத்தை முதலில் எழுதுங்கள். தொலைவை முதலிலும் அண்மையைக் கடையிலும் வையுங்கள். ஒரு வேளையேனும் ஊரவர் சமைத்ததை உண்ணுங்கள். உங்களோடு வரும் முதியவர்களிடம் தனியே கேளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அவர்கள் தம் விருப்பத்தைச் சொல்லமாட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு நேரே ஒன்றும் எழுதாது விடுங்கள். நேரம் குறைந்தால் வேறெதையும் வெட்டுங்கள், அதை வெட்டாதீர்கள்.

மாணவச் செல்வர்க்கும் ஒரு வார்த்தை. விருந்தினர்க்கு ஊரைக் காட்டுவோன் முதலில் ஊரை அறிந்திருத்தல் வேண்டும். கோட்டையின் ஆண்டு நூலில் உண்டு. எந்த நேரத்தில் வள்ளம் வரும், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எவருடைய தந்தை எந்தப் பாயோடு வந்தார் என்பன நூலில் இல்லை. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அடுத்த தவணையில் அதே கட்டுரைத் தலைப்பை மீண்டும் வகுப்பிற் கொடுத்தேன். இம்முறை இருபத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேர் கோட்டையிற் தொடங்கவில்லை. தத்தம் ஒழுங்கையிற் தொடங்கினர். துறையடி மாணவனுடைய எழுத்துப்பிழையும் ஏழிலிருந்து நான்காகக் குறைந்திருந்தது.